இரைச்சல் சொன்ன செய்தி

ஒலிபெருக்கியில் எழும் இரைச்சல் எல்லாம் ஒன்றல்ல. ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் முனகுவது ஒன்று. ‘கிர்ர்’ என்று மரம் அறுப்பதுபோல் வருவது இன்னொன்று. ‘டிக்... டிக்...’ என்று மணிக்கூடுபோல் தட்டுவது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. கடந்த விடுமுறையில், கனகராயன்குளத்து எங்கள் வீட்டில், இம்மூன்றின் பிறப்பிடங்களையும் தேடிப் போனேன்.

தேடியதற்குக் காரணம் மூத்தம்மா. அவவுக்குக் காது மந்தம். மாலையில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவை, இரவில் மத்திய அலையில் திருச்சி வானொலி, இவைதான் அவவின் உலகம். வாப்பா பழையதாக வாங்கிய அம்ப்ளிபயரில் அவற்றைச் சத்தமாக வைத்துக் கேட்பா. காது குறைந்தவர்களுக்குச் சத்தம் கூடினால் மட்டும் போதாது. பேச்சும் இரைச்சலும் பிரிந்து கேட்க வேண்டும். அது பிரியாதபோது, “வேணாம் மகள், அத நிப்பாட்டுங்க” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கத் தொடங்கினா. அந்தச் சும்மா இருத்தல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் முனகலைப் பிடித்தேன். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். முனகலின் மூலம் அதுதான். ஆனால் அது எந்த வாசலால் உள்ளே வருகிறது என்று அறிய வேண்டும். ஒலியளவுக் குமிழைத் திருகிப் பார்ப்பது இதற்கு எளிய சோதனை. குமிழைக் குறைத்தும் முனகல் குறையாவிட்டால், பெரும்பாலும் அம்ப்ளிபயரின் மின்வழங்கற் பகுதியில் கொள்ளளவி பழுதாகியிருக்கும். குமிழோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், அது வெளியிலிருந்து உள்ளே வருவது. எங்கள் வீட்டில் கூடிக் குறைந்தது.

அதனால் இணைத்திருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தொலைபேசி வயரைக் கழற்றியும் முனகல் இருந்தது. டிவிப் பெட்டிக்கு வரும் டிஷ் கேபிளைக் கழற்றியதும் நின்றது. திரும்பப் பூட்டினேன், திரும்ப வந்தது. காரணம் எங்கள் பௌதிகவியல் பாடத்திலேயே இருக்கிறது. அம்ப்ளிபயர் அதன் மூன்று முள் பிளக் வழியாக வீட்டின் புவித்தொடுப்போடு இணைந்திருக்கிறது. டிஷ்ஷைத் தாங்கும் இரும்புக் குழாயோ முற்றத்து மண்ணில் நேரே நடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் சிறியதொரு அழுத்த வித்தியாசம். இரண்டையும் ஒரே வயரால் இணைத்ததும் ஒரு வளையம் உண்டாகி அதில் ஓட்டம் பாய்கிறது. அம்ப்ளிபயர் அதையும் பாட்டென்று எண்ணிப் பெருக்கித் தருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக்கின் புவி முள்ளை உடைத்துவிட்டால் முனகல் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். முனகல் போகலாம், உயிரும் போகலாம். உள்ளே ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்னை மண்ணுக்குக் கொண்டுபோவது அந்த முள்தான். அது இல்லாவிட்டால் தொட்டவரின் உடலே பாதையாகும். சரியான வழி, ஒலி வயரின் நடுவே சிறிய நிலைமாற்றிகள் உள்ள பெட்டியொன்றைப் பூட்டுவது. வாப்பா வவுனியாவிலிருந்து அதை வாங்கி வந்தார். 1831இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் அதன் உள்ளே வேலை செய்கிறது. கம்பிகள் ஒன்றையொன்று தொடாமலே ஒலி மட்டும் கடந்து போகும், வளையம் அறுந்துவிடும்.

‘கிர்ர்’ சத்தத்துக்கு அதிக நேரம் போகவில்லை. தொலைபேசியைச் சார்ஜரில் போட்டுக்கொண்டே பாட்டு வைத்தபோது மட்டும் அது வந்தது. சார்ஜரைக் கழற்றியதும் நின்றது.

மிஞ்சியது ‘டிக்... டிக்...’ அது திருச்சி வானொலியில் மட்டும் கேட்டது, எஃப்.எம்மில் கேட்கவில்லை. வாப்பாவைக் கொண்டு மெயின் சுவிட்சை நிறுத்தி, பெட்டரியில் இயங்கும் சின்ன வானொலியை மத்திய அலையில் வைத்தேன். வீடு முழுக்க இருள், ஆனாலும் ‘டிக்... டிக்...’ போகவில்லை. ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு தட்டு. அப்படியானால் குற்றம் எங்கள் வீட்டு மின்சாரத்தில் இல்லை.

மத்திய அலை வானொலிக்குள் ஒரு பெரைட்டுக் கோல் இருக்கும். அதன் முனை அலை வரும் திசையை நோக்கினால் சத்தம் குறையும். வானொலியைத் திருப்பித் திருப்பித் திசை பார்த்தபடி, மறுநாள் மஃரிபுக்கு முன் தம்பியையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். சத்தம் கூடிக்கூடிப் போய், பக்கத்துத் தோட்டத்து யானை வேலியில் ஒரு கம்பத்தருகே உச்சத்துக்கு வந்தது. அங்கே காவலி வெடித்திருந்தது. ஒரு கொடியும் கம்பியில் படர்ந்திருந்தது. மங்கிய வெளிச்சத்தில், ஒவ்வொரு தட்டுக்கும் நீலமாய் ஒரு சிறு பொறி தெரிந்தது. யானை வேலி சோலார் பெட்டரியில் இயங்குவது. செக்கனுக்கு ஒரு தடவையளவில் துடிப்பு அனுப்புவது. வீட்டு மெயினை நிறுத்தியும் சத்தம் நிற்காதது அதனால்தான்.

பொறி பறக்கும் இடத்தில் வானொலி அலை பிறக்கும். 1887இல் ஹைன்றிச் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியதும் பொறியைக் கொண்டுதான். மத்திய அலையில் ஒலி, அலையின் வீச்சத்தில் ஏறி வருகிறது. பொறியும் வீச்சத்தையே கலைக்கிறது. எஃப்.எம்மில் ஒலி மீடிறனில் ஏறி வருவதால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

தோட்டத்து ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். மின் கசிந்தால் வேலியின் அடி குறையும். அடி குறைந்த வேலியை யானை மதிக்காது. அவருடைய தென்னம்பிள்ளைகளும் வாழையும் கச்சானும் அந்தக் கம்பிக்குப் பின்னால்தான் நின்றன. அவர் வேலிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கொடியை வெட்டினார், காவலியை மாற்றினார். பிறகு, “பிள்ளை, கண்ணுக்குத் தெரியாததை உன்ர ரேடியோ கண்டுபிடிச்சிட்டுது” என்றார். என் கையிலிருந்த வானொலியை வாங்கிப் பார்த்துவிட்டு, மின்சாரமும் பெட்டரியும் இல்லாத போர்க்காலத்தைச் சொன்னார். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்னில் மற்றவர்கள் செய்தி கேட்ட காலம் அது. டைனமோ தருவதும் ஆடலோட்டம். டயோட்டும் கொள்ளளவியும் பூட்டாவிட்டால் அதுவும் முனகும். கை வேகம் மாறினால் முனகலும் மாறும். ஒரு செய்தியைத் தெளிவாய்க் கேட்பதற்கு இந்த மண்ணில் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்!

தோழியரே, உங்கள் வீட்டிலும் இரைச்சல் இருக்கும். அம்ப்ளிபயரின் மூடியை மட்டும் திறவாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவிக்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். மற்றபடி ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் கேட்டதையும் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் பழையபடி பூட்டி இன்னொரு தடவை கேளுங்கள். சோதனைக்காக மனனம் செய்த தூண்டலும் புவித்தொடுப்பும் வீட்டில் என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது தெரியும். வீட்டில் யாராவது, “வேணாம், நிப்பாட்டுங்க” என்று சொல்லத் தொடங்கியிருந்தால், அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.