பன்னிரண்டு டாலர்

இக்பால் மசிஹ்னு ஒரு பாகிஸ்தான் பையன். 4 வயசுல, 600 ரூபாய் கடனுக்காக கம்பளத் தறியில கொத்தடிமை ஆனவன். பத்து வயசு வாக்குல வெளியே வந்து, மத்த குழந்தைகளுக்காகப் பேச ஆரம்பிச்சான்.

1994 டிசம்பர்ல விருது வாங்க அமெரிக்கா போனப்ப, மாசசூசெட்ஸ் குவின்சியில பிராட் மெடோஸ் பள்ளிக்கும் போய், தன் வயசுப் பசங்ககிட்ட தன் கதையைச் சொன்னான். 1995 ஏப்ரல்ல அவனைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்தப் பசங்க அழுததோட நிக்கலை. அவனோட வயசு 12, கடன் தொகையும் ஏறக்குறைய 12 டாலர். அதனால 12 டாலர் தாங்கன்னு மத்த பள்ளிகளுக்கெல்லாம் எழுதினாங்க. பாகிஸ்தானின் கசூரில் ஒரு பள்ளிக்கூடமே எழும்பியது.

படிச்சப்ப சுருக்குன்னுச்சு. நான் ஏழாவது படிக்கும்போது பக்கத்து பெஞ்சு பையன் திடீர்னு நின்னுட்டான். ஒரு மாசம் கழிச்சு டீக்கடையில கிளாஸ் கழுவிட்டு இருந்தான். "படிக்கலைன்னா நீங்களும் இப்படித்தான்"னு வாத்தியார் சொல்ல, எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 1992லயே இந்தியா சேர்ந்தாச்சு. இந்த உரிமைகளைக் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்தணும்னு அதன் 42ஆவது பிரிவு சொல்லுது. எங்களுக்கு யாரும் சொல்லலை. வேடிக்கை என்னன்னா, அமெரிக்கா 1995ல கையெழுத்து போட்டதோட சரி, இன்னும் அதை முறைப்படி ஏத்துக்கவே இல்லை. ஆனா குவின்சி பசங்களுக்கு ஒருத்தன் நேர்ல வந்து சொன்னான், அவங்க கேட்டாங்க.

எங்களுக்குச் சொல்லவும் ஒருத்தன் இருந்தான். பக்கத்து பெஞ்சுலயே. நாங்கதான் கேக்கலை.