கண்டமும் கடல்கோளும்

குமரிக் கண்டம் என்னும் பெருநிலம் கடலுள் ஆழ்ந்ததெனப் பள்ளி நாளில் பேசிப் பரிசு பெற்றவன் யான். சென்ற மாதம் ஒருநாள் மாலை, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலை அடுத்த கடற்கரையில், நிலநூல் பயிலும் நண்பரிடம் அதனைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்தேன்.

அவர் புன்முறுவலுடன் கூறினார்: “இலெமூரியா என்பது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் தேவாங்கினத்து விலங்குகள் காணப்படுதற்குக் காரணங்காட்ட, 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேயர் கொண்ட ஊகமே. நிலத்தட்டுகள் நகர்தல் 1960-களில் தெளிவானபின் அறிஞர் அதனைக் கைவிட்டனர். நாம் அமர்ந்துள்ள இக்கரை ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகட்கு முன் அண்டார்க்டிகாவினின்று பிரிந்தது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கின்றது. அது ஆசியாவை நெருக்கியதால் எழுந்ததே இமயம்.”

என் நெஞ்சம் நொந்தது. “அங்ஙனமாயின் நம் முன்னோர் உரைத்த கடல்கோள் பொய்யோ?” என்றேன்.

“கடல்கோள் பொய்யன்று. 2004 டிசம்பர் 26-இல், சுமத்திராவுக்கருகே இந்தியத் தட்டு கீழே புதையும் விளிம்பில், மேற்றட்டு திடீரென எழும்பியது. அதனால் எழுந்த அலையே இச்சென்னைக் கரையிலும் உயிர்களைக் கொண்டது” என்றார்.

கடல் ஊரைக் கொண்டது மெய். கண்டத்தைக் கொண்டதென்றது நமது மிகை. தமிழன்னைக்குப் பொய்யணி வேண்டா. விடுதி திரும்பியதும், இவ்வாண்டு அதே பொருள் பற்றிப் பேசவிருக்கும் என் தம்பிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன்.