பெயரை மறைத்து வரலாற்றைக் காத்தல்

குடிநோயிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து நடத்தும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற கூட்டமைப்பை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஏ.ஏ. என்றால் இன்னும் எளிதில் விளங்கும். பத்திரிகையிலோ வானொலியிலோ திரையிலோ தம் முழுப்பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை என்பது அதன் உறுப்பினர்கள் பேணும் மரபு. பெயரை மறைப்பதையே அடித்தளமாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் தமக்கென ஓர் ஆவணக் காப்பகத்தையும் நியூயார்க்கில் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு முதலில் விசித்திரமாகவே பட்டது.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பில் என்ற பங்குத் தரகரும் பாப் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்த 1935ஆம் ஆண்டில் இந்த இயக்கம் பிறந்தது. மருத்துவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் நாளையே தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். பில் தம் வாழ்நாளிலேயே ஒன்றைக் கண்டு கவலைப்பட்டார். ஆரம்ப நாட்களைப் பற்றி வாய்வழியாக உலவிய கதைகள் ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே போயின. உண்மையைக் கட்டுக்கதை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே கடிதங்களையும் பதிவுகளையும் சேர்க்கச் சொன்னார். அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்தே ஒரு செய்தியை ஏற்கும் மரபில் வந்த நமக்கு இந்தக் கவலையை விளக்கத் தேவையில்லை. பல்லாண்டுகள் அவருடைய செயலாளராக இருந்த நெல் விங் என்ற அம்மையாரே முதல் காப்பாளர். பில் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1975இல், காப்பகம் முறையாகத் திறக்கப்பட்டது.

அங்கு ஆய்வு செய்ய வருவோர் அனுமதி பெற வேண்டும். உறுப்பினர் உயிரோடிருந்தாலும் மறைந்திருந்தாலும் அவரை அடையாளம் காட்டாமல் எழுத உடன்பட வேண்டும். இறந்தவரின் மானமும் அமானிதம் என்று நாம் சொல்வதை அவர்கள் அலுவலக விதியாக வைத்திருக்கிறார்கள்.

எல்லாத் தாள்களும் காப்பகத்தில் தங்கிவிடவில்லை. 1939இல் அவர்கள் வெளியிட்ட மூல நூலின் தட்டச்சுப் படி ஒன்று உண்டு. அதன் ஓரமெங்கும் கையெழுத்தில் திருத்தங்கள். படிப்பவரைப் பார்த்து ‘நீ இதைச் செய்தாக வேண்டும்’ என்ற தோரணையில் இருந்த இடங்கள் ‘நாங்கள் இப்படிச் செய்தோம்’ என்று தணிந்தது அந்தத் திருத்தங்களின் வழியாகத்தான். அந்தப் படி 2004இல் 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அது தங்களுக்கே உரியது என்று ஏ.ஏ.யின் பதிப்பகத்தார் 2017இல் வழக்குத் தொடுத்தும், மறு ஆண்டு 24 லட்சம் டாலருக்கு மீண்டும் கைமாறிற்று. உறுப்பினரிடம் கட்டணம் வாங்காத, வெளியாரின் நன்கொடையை ஏற்காத ஓர் இயக்கத்தின் காகிதத்திற்கு அந்த விலை! சமாதானமாகக் கைமாறியது என்றே வைத்துக்கொண்டாலும் அதில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை.

இவற்றையெல்லாம் நாங்கள் தேடிப் படிக்க நேர்ந்தது சாச்சாவின் இரும்புப் பெட்டியால். சென்னையில் தமிழில் நடக்கும் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகள் சென்றுவந்தவர் அவர். வஃபாத்திற்குப் பின் பெட்டியைத் திறந்தபோது துண்டறிக்கைகள், ஒலிநாடாக்கள், கூட்டக் குறிப்பேடுகள், தொலைபேசி எண்கள் எழுதிய நாட்குறிப்பு, ஒரு குழுப் புகைப்படம் எல்லாம் இருந்தன. சாச்சி எரித்துவிடச் சொன்னார். “பேத்திக்கு சம்பந்தம் பேசுற நேரத்துல இதெல்லாம் வூட்டுல இருக்கணுமா?” என்று கேட்டார். அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய எங்களால் முடியவில்லை. ஒருவருடைய குறையை மறைப்பவருக்கு அல்லாஹ்விடம் உள்ள கூலியை நாம் அறிவோம். ஆனால், மதுவிலக்கின் கட்டளை வந்த வேளையில் தாம் மது பரிமாறிக்கொண்டிருந்ததையும், அறிவிப்பு காதில் விழுந்ததும் அதைக் கொட்டியதையும் அனஸ் (ரலி) அவர்களே சொல்லி, அறிவிப்பாளர்கள் அதைப் பாதுகாத்து நமக்குத் தந்திருக்கிறார்கள். தடை வருமுன் நடந்தது குற்றமாகாதுதான். ஆயினும், மதீனாவின் தெருக்களில் மது ஓடிய காட்சி அப்படித்தானே நம்மை வந்தடைந்தது என்று எங்களில் ஒருவர் சொன்னார். சாச்சி வாதாடவில்லை, பெட்டியைப் பூட்டிச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து அவரே சாவியைத் தந்தார். ஒரு நிபந்தனை விதித்தார்: “மத்தவங்க பேரு எதுவும் நம்ம வாயால வெளிய போகக் கூடாது.” எண்ணிப் பார்த்தால் நியூயார்க்கின் விதியும் இதுவேதான்.

பிறருடைய பெயர்களும் எண்களும் இருந்த நாட்குறிப்பை அக்குழுவின் மூத்தவர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அது நம் சொத்தன்று. குறிப்பேடுகளைச் சாச்சா அடுக்கி வைத்திருந்த வரிசை குலையாமல் எடுத்தோம். அந்த வரிசையும் ஒரு தகவல். அழகுக்காக மாற்றக் கூடாது. கடலோர ஈரத்தில் துருப்பிடித்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ரப்பர் வளையங்கள் உருகித் தாளோடு ஒட்டியிருந்தன. தாள்களை லேமினேட் செய்வது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் இயலாது. அமிலமற்ற உறைகளில் இட்டு, மேலே பென்சிலால் எழுதினோம். ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றினோம். ஒரு நாடாவில் சாச்சா பேசுகிறார். பிறர் பேசும் நாடாக்களை முழுதும் கேட்காமல் நிறுத்திவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு படிகளை இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைத்துக்கொண்ட ‘மில்லத்தி இஸ்லாமி’ என்ற கூட்டமைப்பு 1989இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தொடங்கிற்று. அதன் முதல் கூட்டங்களில் அமர்ந்தவர்கள் இப்போது முதுமையை எட்டியிருப்பார்கள். முதல் வரைவுகள், பள்ளிவாசலிடம் இடம் கேட்டு எழுதிய கடிதங்கள், முதல் நோன்பை மதுவின்றிக் கழித்தவரின் குறிப்பு போன்றவை யாருடைய வீட்டு அலமாரியிலாவது இருக்கக்கூடும். அவற்றை எரிக்கச் சொல்லும் ஒரு சாச்சி அங்கும் இருப்பார்.

எங்களிடம் எஞ்சியது அந்தக் குழுப் புகைப்படம். பின்புறத்தில் சாச்சாவின் கையெழுத்தில் முதல் எழுத்துகள் மட்டும், நின்றவர் வரிசைப்படி. அதைத் தனி உறையில் இட்டு ஒட்டினோம். எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதக் கேட்டோம். பேத்தியின் பிள்ளைகள் பெரியவர்களாகட்டும், அப்போது அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் சாச்சி. அதையே பென்சிலால் எழுதினோம்.