பாட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது?

நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு ஊர் முழுக்கக் கேட்கும். கோயில் பந்தலிலிருந்து ஒயர் இழுத்து, கம்பத்திலும் தென்னையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒயரில் பாட்டு போக நேரமே ஆகாது. காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 348 மீட்டர்தான் போகும். 40 மீட்டருக்கு ஒரு குழாய் என்றால், அடுத்த குழாயின் சத்தம் 0.115 விநாடி பிந்தி வரும். ஒரே சொல் மூன்று நான்கு தடவை காதில் விழும். நடக்க முடியாமல் கட்டிலில் கிடக்கும் எங்கள் ஆச்சிக்கு முத்தாரம்மன் கதை மனப்பாடம். அவளே, "என்ன பாடுகாவன்னே வெளங்கல்ல மக்கா. கோயில் எந்தப் பக்கம்னும் தெரியல்ல" என்கிறாள்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இதற்கு ஒரு கணக்கு உண்டு என்று தெரியும்.

முட்டம் பாறை இடுக்கில் நுழைந்த அலை மறுபக்கம் அரைவட்டமாக விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அலைமுகத்தின் ஒவ்வொரு புள்ளியும் புதிய அலைக்கு ஊற்று என்று ஹைகன்ஸ் 1690-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்த ஊற்றுகளின் இடத்தில் ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்தால், இல்லாத இடத்திலிருந்து பாடுவதுபோல ஒலியைக் கட்டலாம் என்று 1988-இல் டெல்ஃப்டில் பெர்க்ஹௌட் காட்டினார். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பரங்கில் இதற்காக 832 தடங்கள் நிறுவப்பட்டன.

கணக்குச் செலவைப் பாருங்கள். வில், குடம், உடுக்கை, தாளம், குரல் என்று 5 ஒலிகள், 64 ஸ்பீக்கர்கள். மொத்தம் 320 பாதைகள். ஒவ்வொரு பாதைக்கும் 512 எண்கள் கொண்ட வடிகட்டி போட்டால், விநாடிக்கு 48,000 சாம்பிளுக்கு 786 கோடிப் பெருக்கல். ஆனால் அந்த வடிகட்டி எல்லா ஸ்பீக்கருக்கும் ஒன்றேதான். அதை ஒலிக்கு ஒருமுறை போட்டுவிட்டால், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மிஞ்சுவது எவ்வளவு தாமதம், எவ்வளவு சத்தம் என்பது மட்டுமே. கணக்கு சுமார் 14 கோடிக்கு இறங்கிவிடும். சாதாரண லேப்டாப் போதும்.

இதை அப்படியே தெருவுக்குக் கொண்டுவர முடியாது. ஸ்பீக்கர்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் இருந்தாலே சுமார் 1,700 ஹெர்ட்ஸ் வரைதான் அலை ஒழுங்காக உருவாகும். 40 மீட்டர் இடைவெளிக்கு அது 4 ஹெர்ட்ஸ், காதுக்கே எட்டாது. ஆனாலும் தாமதம் என்ற அந்த ஒரு எண் இங்கேயும் உதவும். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து சில மில்லிவிநாடி வித்தியாசத்தில் வந்தால், முதலில் வந்த திசையைத்தான் காது நம்பும். பிந்தியது கொஞ்சம் உரக்க இருந்தாலும் சரி. ஹாஸ் 1951-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது.

மைக் செட் அண்ணாச்சியிடம் சொன்னேன். "கணக்கு சரிதான் தம்பி. குழாய்க்கு ஒரு தாமதம்னா குழாய்க்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும். வாடகை யாரு தருவா?" என்றார். நியாயம்தான். கணக்கு மலிந்த அளவுக்குக் கருவி மலியவில்லை.

கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம். வரும் கொடைக்கு எங்கள் தெருவில் நடுவிலிருக்கும் மூன்று குழாய் வேண்டாம். கோயில் குழாயும் தெருக்கடைசியில் ஒன்றும் போதும். கடைசிக் குழாய்க்குத் தனி ஆம்ப்ளிஃபயர், வாடகை என்னுடையது. கோயிலிலிருந்து ஆச்சி வீடு 160 மீட்டர். தாமதம் 0.46 விநாடி, கூடவே 10 மில்லிவிநாடி. கோயில் சத்தம் முதலில் வந்து சேரட்டும்.