மலையிலிருந்து இறங்கிய பூனை

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் பாதையை வருணிக்காத பிரயாணி அரியர். இறம்பொடை அருவியையும், மடிப்பு மடிப்பாய்ச் சரியும் தேயிலை மலைகளையும், வளைவுதோறும் பூச்செண்டு நீட்டும் சிறுவர்களையும் எழுதி எழுதிப் பலர் பக்கங்களை நிரப்பியிருக்கின்றனர். நாமும் அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். ஆயினும் 2022ஆம் ஆண்டில் ஒரு விடியற்காலை அவ்வழியே இறங்கியபோது அருவியின் பக்கம் நாம் திரும்பவும் இல்லை. நம் கண்ணும் காதும் முன்னிருக்கைக்குப் பின்னே வைத்திருந்த ஒரு பெட்டியின்மேலேயே இருந்தன. பெட்டிக்குள் இருந்தது நம் வீட்டுப் பூனை, கறுப்பி.

பூனையை மோட்டாரில் ஏற்றிச் செல்வதும் ஒரு கட்டுரைக்குரிய விஷயமா என்று நேயர்கள் நகைக்கலாம். பூனை குறுக்கே போனால் பயணம் நில்லென்று சொல்லும் நாட்டில், பூனையோடே பயணம் போகிறவனுக்குச் சகுனம் பார்க்க வழியேது என்று நம் நண்பர் ஒருவரும் நகைத்தார். ஆனால் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது சிரிப்புக்கிடமன்று. லயத்துக் காம்பராவிலும் ஆசிரியர் விடுதியிலும் எலிக்குப் பஞ்சமில்லை. எனவே பூனைக்கும் பஞ்சமில்லை. உத்தியோகத்தருக்கு மாற்றம் வருகிறது. அம்மியும் அலுமாரியும் லொறியில் ஏறுகின்றன. பூனை மட்டும் வெற்றுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. நாய் மனிதரோடு போகும், பூனை வீட்டோடு தங்கும் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வது நம்மவர் வழக்கம்.

அப்படி விட்டுப்போக மனமில்லாமல், எப்படிக் கொண்டுபோவது என்ற அறிவும் இல்லாமல், நாம் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2014 டிசம்பர் விடுமுறைக்கு நானுஓயாவை அடுத்த நம் விடுதியிலிருந்து வவுனியாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஒரு மாதம் வீடு பூட்டியிருக்கும். ஆகவே அப்போதிருந்த மணியன் என்ற பூனையையும் கூட்டிச்செல்லத் தீர்மானித்தோம். ஒரு பழைய கொழுந்துக் கூடையில் அதை இருத்தி, வாயை ஒரு துணியால் கட்டி, மகளின் மடியில் வைத்தோம். சாக்கில் கட்டினால் மூச்சு முட்டுமே, கூடையில் காற்றோட்டம் உண்டே என்று நமக்குள் பெருமை வேறு! புறப்படுமுன் பாலும் சோறும் வயிறு நிறையக் கொடுத்திருந்தோம். வளைவுகள் தொடங்கியதும் அது வாயில் நுரை தள்ளி, உண்டதையெல்லாம் கக்கிற்று. இறம்பொடைக்குக் கீழே ஒரு தேநீர்க்கடையருகே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தோம். துணி நெகிழ்ந்திருந்தது போலும். ஒரு கருநிழல் மகளின் தோளைக் கீறிக்கொண்டு பாய்ந்தது; மறுகணம் தேயிலைச் செடிகளுக்கிடையே அதைக் காணவில்லை.

மூடுபனியும் தூறலுமாக இருந்தது. மாலைவரை நாம் நால்வரும் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு மலைச்சரிவில் ஏறியிறங்கினோம். கடைக்காரரும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிலரும் உடன் தேடினார்கள். கிடைக்கவில்லை. பின்னாளில் ஒரு மிருக வைத்தியர் நமக்கு விளக்கினார்: அச்சமுற்று ஓடிய பூனை பெரும்பாலும் தொலைதூரம் போவதில்லை, அருகிலேயே ஒரு புதரிலோ மதகிலோ சத்தமின்றிப் பதுங்கிவிடும், பலர் கூவும்போது அது வெளிவராது, இரவில் ஆளரவம் அடங்கியபின், அது படுத்த துணியை விழுந்த இடத்தில் வைத்து, ஒருவர் மட்டும் மெல்ல அழைத்தால் வரக்கூடும். அன்று நாம் கூவிக் கூவியே அதை விரட்டியிருக்கிறோம். அந்த மலைகளில் சிறுத்தை உலவுவதையும், தோட்டத்து நாய்களையே அது தூக்கிச் செல்வதையும் அறிந்தவர்கள், நம் மகள் அவ்விரவு ஏன் உறங்கவில்லை என்பதையும் அறிவார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்று வவுனியாவிலேயே குடியேறப் புறப்பட்டபோது, கறுப்பியின் காரியத்தை அதற்குப் பதினைந்து நாள் முன்னரே தொடங்கினோம். கண்டியில் ஒரு கடையில், பூட்டுள்ள கதவோடு கூடிய உறுதியான பெட்டி வாங்கினோம். பூனை எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடமிருந்தாற் போதும். மிகப் பெரிதாயின் வளைவுகளில் உள்ளே உருளும். பெட்டியை அடுப்படியில் கதவு திறந்தபடி வைத்து, அதன் பழைய துணியை விரித்து, அவ்வப்போது ஒரு நெத்தலிக் கருவாடும் போட்டுவந்தோம். ஐந்தாம் நாள் கறுப்பி அதையே படுக்கையாக்கிக்கொண்டது. பிறகு பெட்டியோடு வண்டியில் வைத்து, முதல்நாள் வாசலிலேயே எஞ்சினை இயக்கிக் காட்டி, அடுத்தடுத்த நாட்களில் நுவரெலியாக் கடைத்தெருவரை போய்வந்தோம். விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசியும் போடுவித்தோம். நம் தொலைபேசி எண் எழுதிய கழுத்துப்பட்டி ஒன்றும் கட்டினோம். தூக்க மருந்து கொடுக்கலாமா என்று மிருக வைத்தியரைக் கேட்டபோது, பூனையைப் பரிசோதித்துத் தாம் அளந்து கொடுப்பதன்றி வேறெதையும் கொடுக்கலாகாது என்று எச்சரித்தார். நாம் தலைவலிக்கு விழுங்கும் பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சாம். அரை மாத்திரையே உயிரைக் குடிக்கக்கூடுமாம். வீட்டில் மருந்துப் பெட்டி வைத்திருப்போர் இதை நினைவிற் கொள்வது நன்று.

இந்த ஒத்திகைகளையெல்லாம் பக்கத்து லயத்து மூதாட்டி ஒருவர் வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அருகே வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"எங்க அக்கா குடும்பம் எழுபத்து மூணுல இந்தியாவுக்குப் போச்சு மாஸ்டர். கோச்சி ஏறுற அன்னிக்குப் பூனை அடுப்படியிலதான் படுத்திருந்திச்சு. அதுக்கு யாரு பாஸ்போட்டு குடுத்தா?"

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் மாணவர்கள் படிக்கும் பாடம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவது என்று எண்ணிக்கையிலே பங்கிட்ட ஒப்பந்தம் அது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார்த் துறைக்குச் சென்ற அந்தப் புகைவண்டியை மக்கள் அழுகைக் கோச்சி என்றழைத்தனர். அங்கிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கு. அக்காளும் தங்கையுமே பிரிந்துபோன அந்நாளில் பூனையைப் பற்றி எவர் நினைத்திருப்பர்?

"நாலு காம்பரா தள்ளித்தான் மாஸ்டர் நம்ம வீடு. சோறு நான்தான் வச்சேன். தின்னுட்டு, ராத்திரியானா அந்தப் பூட்டுன கதவடிக்கே போய்ப் படுத்துக்கிரும். வேற ஆளுங்க குடிவந்து அடிச்சு விரட்டுற வரைக்கும் அப்படித்தான்" என்றார் மூதாட்டி. சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்தவர், "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்க" என்று சொல்லிப் போனார்.

புறப்பட்ட நாளில் முந்தின இரவு ஒன்பது மணிக்கு மேல் கறுப்பிக்கு உணவு இல்லை, தண்ணீர் மட்டும். நான்கு மணிக்கு, வீட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்தியபின்பே அதைப் பெட்டிக்குள் விட்டோம். பெட்டி வண்டியின் தரையில், முன்னிருக்கைக்குப் பின்னே அசையாமல் இறுக்கி வைக்கப்பட்டது. மேலே ஒரு மெல்லிய போர்வை, காற்றுக்கு ஒரு பக்கம் திறந்தபடி. வளைவுகளில் மெதுவாகத் திருப்பும்படி சாரதியிடம் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தோம். அவரும் பால்குடத்தை ஏற்றியவர்போல் ஓட்டினார். புசல்லாவை வரை கறுப்பியின் ஓலம் ஓயவில்லை. அதன்பின் அடங்கி உறங்கிற்று. இறம்பொடையில் நிறுத்துவதா என்று சாரதி கேட்டார். மகள் வேண்டாமென்றாள்.

கண்டியைக் கடந்து மாத்தளைக்கு அப்பால்தான் உண்மையான சோதனை. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை; தம்புள்ளையைத் தாண்டினால் நண்பகலில் அதைப்போல் இருமடங்கு. காலையில் கம்பளிக்குள் சுருண்டிருந்த உயிர் அன்று மதியமே வறண்ட நாட்டில் இருக்கவேண்டும். பூனைக்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. அது நாயைப் போல் வாய்திறந்து மூச்சிரைத்தால் அபாயமென்று கொள்ளவேண்டும். உடனே நிழலும் குளிர்ந்த காற்றும் ஈரத்துணியும் தேவை, தாமதமின்றி வைத்தியரும் தேவை. நிறுத்திவைத்த வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 பாகை உயர்ந்துவிடும். ஜன்னலைச் சிறிது திறந்துவைப்பதால் பெரும்பயன் இல்லை. ஆகையால் நாம் தேநீர் அருந்தியதும் முறைவைத்துத்தான். ஒருவர் எப்போதும் குளிரூட்டி ஓடும் வண்டிக்குள் இருந்தோம். தம்புள்ளைக்கு அப்பால் ஒருமுறை, எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் சாத்தி உறுதிசெய்தபின், பெட்டியைத் திறந்து தண்ணீரும் மணல் தட்டும் வைத்தோம். கறுப்பி இரண்டையும் ஏறிட்டும் பாராமல், மீண்டும் தன் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மதவாச்சியைக் கடந்து முற்பகல் பதினொரு மணிக்கு வவுனியா சேர்ந்தோம். சாமான் இறக்கும் சந்தடியில் பூனை தப்புவதே வழக்கமாதலால், அதற்கென முன்னரே ஒழித்துவைத்த சிற்றறையில் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினோம். மூன்று வாரம் வெளியே விடவில்லை. முதலிரு நாள் கட்டிலடியை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் இரவு தட்டு காலியாயிருந்தது. இருபத்திரண்டாம் நாள், பசியோடிருக்கும் மாலை வேளையில் கதவைத் திறந்தோம். கிணற்றுக்கட்டுவரை நடந்துபோய், வெந்த மண்ணை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, உணவுத் தட்டின் ஒலி கேட்டதும் திரும்பி வந்தது.

அன்றிரவு நானுஓயாவுக்குத் தொலைபேசியில் பேசினோம். மூதாட்டி நம் சுகம் விசாரிக்கவில்லை.

"பூனை எங்க படுத்திருக்கு மாஸ்டர்?" என்று கேட்டார்.

"அடுப்படியில்தான், அம்மா" என்றோம்.