அவளுக்கு நானும் மருந்து

செவ்வாய்

பென்னாகரத்திலிருந்து 108 வண்டியில் வந்து இறங்கியதுமே பாப்பாவை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். வராந்தாவில் பக்கத்தில் படுத்திருந்த ஆயா 2014 பேச்சை எடுத்தார். அந்த நவம்பரில் இதே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. எடைக்குறைவு, மூச்சுத்திணறல் என்று அரசு காரணம் சொன்னது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

வெள்ளி

குழாய் வழியாகத்தான் பால் போகிறது. நான் பீய்ச்சிய சீம்பால் கிண்ணத்தின் அடியைத்தான் நனைத்தது. அழுகை வந்துவிட்டது. "அவ வயித்துக்கு இது போதும்மா. இதுதான் அவளுக்கு மருந்து, ஒரு சொட்டு சிந்திடாதே" என்றார் சிஸ்டர். அதுவரை வாசலில் காத்துக்கிடக்கும் ஆளாகத்தான் என்னை நினைத்திருந்தேன்.

ஞாயிறு

இன்று என் கணவரின் முறை. சட்டையைக் கழற்றி, பாப்பாவை நெஞ்சோடு நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிட்டார்கள். "ஆம்பள எதுக்கு?" என்று மாமியார் தயங்கினார். கொஞ்ச நேரத்தில் பாப்பாவின் பாதம் சூடாகியிருந்ததைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். கங்காரு முறை என்கிறார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்தால் 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு 2021இல் சொன்னது. இயந்திரம் வேண்டாம் என்பதில்லை. வார்மரும் ஆக்சிஜனும் இல்லாவிட்டால் இவள் இன்று இல்லை. ஆனால் பெற்றவர்களை வெளியே நிறுத்தி வைப்பது எந்த மருத்துவமனையிலும் தவறுதான்.

புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய இவளுக்கு இன்னும் வரவில்லை. அதனால் பாலாடை. நம் வீட்டுப் பாலாடையேதான், கொதிக்கவைத்த எவர்சில்வர். பாலாடையின் மூக்கை அவள் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தேன். நாக்கை நீட்டி நக்கினாள், நிறுத்தி மூச்சு வாங்கினாள், மறுபடி நக்கினாள். அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "என்ன தின்னே, எதைத் தூக்கினே?" என்று தாயைக் குடையாதீர்கள். குறைப்பிரசவத்துக்குப் பல நேரம் காரணமே தெரிவதில்லை. அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டு வாருங்கள். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளைக் கொஞ்சம் தூங்கவிடுங்கள்.