ஒத்திகையில்லா ஹாஸ்யம்

வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றின் அம்மன் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைப்பதென்று ஊரார் தீர்மானித்து, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அட்வான்ஸ் கொடுக்கும் பொறுப்பில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படி ஆளாளாகப் பேசிச் சேர்க்கும் ஸ்பெஷல் நாடகம் விசித்திரமான கலை. மதுரையிலிருந்து ஒருவரும் புதுக்கோட்டையிலிருந்து ஒருவருமாக வந்து சேர்ந்து, ஒத்திகையென்பதே இல்லாமல் இரவில் மேடையிலேயே சந்தித்து, விடியும்வரை நடிக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த பாடல்களும் கதைப்போக்கும் அவர்களுக்குப் பொதுச் சொத்து. இடையில் நிகழும் சம்பாஷணையோ அந்தந்தக் கணத்தின் சாமர்த்தியம். டான்ஸ் நடிகை எறியும் கேள்வியை, ஊர்த் தண்ணீர்த் தகராற்றையோ முன்வரிசையில் குறட்டை விடும் பெரியவரையோ பற்றிக்கொண்டு பபூன் திருப்பியடிக்கும் அந்த லாகவத்தைத்தான் மேல்நாட்டு நகரங்களில் இன்று பள்ளி வைத்துப் பயிற்றுவிக்கிறார்கள்.

பபூன் காட்சியில் கொச்சை தலைகாட்டுவதுண்டு. ஆதலால், குழந்தைகளோடு உட்காரும் பெண்கள் விதித்த நிபந்தனையை பபூன் நடிகரிடம் சங்கோசத்தோடு எடுத்துரைத்தேன்.

"சபையைப் பாத்துத்தானே சார் பேச்சு! பிள்ளைக முழிச்சிருக்கிற வரைக்கும் கவலைப்படாதீங்க," என்றார்.

பிள்ளைகள் உறங்கிய பிறகு என்னவாகும் என்று நானும் கேட்கவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு விதித்தால் ஹாஸ்யம் வாடிவிடும் என்பது என் அபிப்பிராயம். மைக்செட்டுக்காரரோடு பேரம் முடிவது மட்டுமே இனிப் பாக்கி.